கல்லணை முதல் பூம்புகார் வரை: எந்தக் கூடாரம்?

தை மாதம் கல்லணையிலிருந்து பூம்புகார் வரை தனியாக நடக்க 600 கிராம் ஒற்றைச் சுவர்க் கூடாரமா, 1 கிலோ இரட்டைச் சுவரா என்று கேட்டிருந்தீர்கள். இரட்டைச் சுவரே வாங்குங்கள் நண்பரே. ஒற்றைச் சுவர் என்றால் ஒரே துணிதான், இரட்டைச் சுவர் என்றால் உள்ளே வலை, அதற்கு மேல் தனியாக ஒரு துணி. தையில் மழை ஓய்ந்திருக்கும், ஆனால் பனி கொட்டும், சுற்றிலும் ஈர வயல் வேறு, உங்கள் மூச்சின் ஈரமும் சேர்ந்து விடிவதற்குள் துணியின் உட்பக்கமெல்லாம் நீர் கோத்து நிற்கும். ஒற்றைச் சுவரில் அது நேராகப் படுக்கையில் படும், நடுவில் வலை இருந்தால் பெரும்பாலும் படாது. புழுக்கமான இரவில் மேல்துணியைக் கழற்றிவிட்டு வலைக்குள் மட்டும் படுக்கலாம், கொசுவும் அண்டாது. இதற்காகவே அந்த 400 கிராமைச் சுமக்கலாம்.

உங்கள் உயரம் 6 அடி என்றால் கூடாரத்தின் தரை நீளம் 220 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

அப்புறம் கூடாரத்தைத் தரையோடு பிடித்து நிறுத்தும் முளை. கூடவே தருகிற மெல்லிய முளைகள் ஈர வண்டலில் பிடிக்காது, நீளமான ஒய் வடிவ அலுமினிய முளை தனியாக வாங்குங்கள். பூம்புகார் கடற்கரை மணலில் அதுவும் நிற்காது, கயிற்றைக் கட்டிப் படுக்கைவாக்கில் ஆழமாகப் புதையுங்கள்.

ஆற்றுக்குள் மணல் திட்டில் மட்டும் தயவுசெய்து படுக்காதீர்கள். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல்தான் மூடுவார்கள், அதுவரை இரவில் தண்ணீர் ஏறலாம். ஊர்க்காரர்களிடம் கேட்டால் களத்துமேட்டு ஓரமாக இடம் தருவார்கள்.