கார் விபத்தில் அப்பாவுக்குக் காயம். காப்புறுதிக் கம்பனி தரும் பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்து வைக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். பம்பலப்பிட்டியில் வீதியைக் கடக்கும்போது கார் மோதி அப்பாவின் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. ஐந்து மாதம் கழித்து, காரின் காப்புறுதிக் கம்பனி 75,000 ரூபா தருவதாகச் சொல்லி ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. வாங்கிக்கொண்டு முடித்துவிடுவதா, போராடுவதா, காப்புறுதிக் கம்பனிகளைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவுக்கு எழுதுவதா என்று கேட்கிறீர்கள்.

இப்போது கையெழுத்து வைக்க வேண்டாம். அப்பாவையும் வைக்க விடாதீர்கள். அந்தப் படிவத்தை ஆறுதலாக ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். இந்தத் தொகையோடு சாரதி மீதும் உரிமையாளர் மீதும் கம்பனி மீதும் இனி எதுவும் கோரமாட்டேன் என்று எங்காவது இருக்கும். இடுப்பெலும்பு முறிந்த வயதானவர் எந்த அளவுக்குத் திரும்ப நடப்பார் என்று ஐந்தாம் மாதத்தில் டொக்டருக்கே உறுதியாகச் சொல்ல முடியாது. நாளைக்கு இன்னொரு ஓபரேஷன் என்று வந்தால் அந்தச் செலவு முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

சில வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில், காலி வீதியின் மஞ்சள் கடவையில் வைத்து என் அம்மாவைக் கார் ஒன்று மோதியது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவில் பிளேட் வைத்தார்கள். அந்தக் காரின் காப்புறுதிக் கம்பனியோடு மல்லுக்கட்டியது நானும் என் மாமாவும்தான். அதனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததை முழுக்கச் சொல்கிறேன்.

முதலில் யாரோடு சண்டை என்பது விளங்க வேண்டும். நம் ஆட்கள் பலர் யூடியூபில் தமிழ் வீடியோ பார்த்துவிட்டு, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். அது இந்தியாவில். இலங்கையில் அப்படித் தனித் தீர்ப்பாயம் இல்லை. இங்கே மோதிய சாரதி மீதும் உரிமையாளர் மீதும் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போட வேண்டும். சாரதி கவனயீனமாக ஓட்டினார் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். கம்பனி எங்கே வருகிறது என்றால், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அதில் கட்டாயமாக்கப்பட்டிருப்பது மற்றவரின் உயிரிழப்பும் உடற்காயமும்தான், வாகனச் சேதம் அல்ல. நீதிமன்றம் சாரதிக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தால் அந்தப் பணத்தைக் கம்பனி கட்ட வேண்டும். ஆகவே கம்பனி உங்களுக்குக் கருணை காட்டவில்லை. வழக்கு வந்தால் கட்ட வேண்டிய பணத்தை வழக்கு வராமலே குறைத்து முடிக்கப் பார்க்கிறது.

எங்களுக்கும் முதலில் வந்த தொகை உங்களுடையதைப் போலத்தான் இருந்தது. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் உங்களுக்கும் வரும், தயாராக இருங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரி, எல்லாம் இலவசம், பிறகு என்ன செலவு என்றார்கள். நட்டஈடு என்பது பில்லுக்கு மட்டும் அல்ல. இங்கே நட்டஈட்டுச் சட்டம் உரோமன்-டச்சு வழி, அதாவது ஒல்லாந்தர் கொண்டுவந்த சட்ட மரபின் வழி வந்தது. வருமான இழப்பு, இனி வரப்போகும் சிகிச்சை, போக்குவரத்து, பார்த்துக்கொள்ள வைத்த ஆளின் சம்பளம் எல்லாம் ஒரு பக்கம், பட்ட வலியும் வேதனையும் இன்னொரு பக்கம். இரண்டையும் கேட்கலாம்.

அடுத்து, அம்மா வீட்டில் இருப்பவர், வருமானம் இல்லை என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது இங்கேதான். அம்மா இருபது வருடமாகச் சாரி பிளவுஸ் தைக்கிறார். கல்யாண சீசனில் எங்கள் பிளாட்டின் முன்னறை முழுக்கத் துணிப் பைகள்தான் கிடக்கும். ஆனால் சம்பளச் சீட்டு இல்லை, வங்கியில் மாதாமாதம் விழும் பணம் இல்லை. இருந்தது அளவுக் கொப்பி. சிஆர் என்று சொல்லும் தடித்த கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவருடைய பெயர், தோள், மார்பு, கை அளவு, கீழே லைனிங் வேண்டுமா இல்லையா, ஓரத்தில் கூலி, கொடுத்த திகதி, கட்டியதும் ஒரு சரி அடையாளம். விபத்து நடந்த கிழமையில் பாதியில் நின்ற பக்கங்கள் அப்படியே இருந்தன, பிறகு வெற்றுத் தாள். அந்தக் கொப்பிகளை ஆண்டு வாரியாக அடுக்கி, மாதக் கணக்குப் போட்டு, சில வாடிக்கையாளர்களிடம் சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்) வாங்கி, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். எங்கள் சட்டத்தரணி பார்த்ததும் சொன்னது, “இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம்.”

அதற்குப் பிறகும் விடவில்லை. காலில்தானே காயம், கைக்கு ஒன்றும் இல்லையே, தைக்கலாம்தானே என்று கம்பனி அலுவலர் கேட்டார். அம்மாவுடையது மிதிக்கும் மெஷின். வலது கணுக்கால் சரியாக மடங்காது, பலகையை அழுத்தினால் பிளேட் இருக்கும் இடத்தில் குத்துகிறது. “மோட்டர் பூட்டலாமே” என்றார். மோட்டர் பூட்டினாலும் அதற்கும் காலால்தான் அழுத்த வேண்டும் என்று அம்மாவே பதில் சொன்னார். கணுக்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று கிளினிக்கில் அளந்து எழுதி வாங்கியது இந்த இடத்தில்தான் உதவியது. உங்கள் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று எழுதவில்லை. கடையில் நிற்பவரா, ஓட்டோ ஓட்டுபவரா, ஓய்வு பெற்றவரா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். முன்பு செய்த எந்தக் காரியத்தை இப்போது செய்ய முடியவில்லை என்பதை வேலையோடு பொருத்தி எழுதுங்கள். “நடக்கக் கஷ்டம்” என்று பொதுவாக எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

மூன்றாவது, பிழை அம்மா மீதும் இருக்கிறது என்றார்கள். இது சும்மா பேச்சு அல்ல. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, காயப்பட்டவரின் கவனயீனமும் சேர்ந்திருந்தால் அந்த அளவுக்கு நட்டஈடு குறையும். ஆகவே பொலிஸில் கொடுத்த வாக்குமூலம் மிக முக்கியம். கொழும்பில் அது பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதப்படுகிறது. அம்மாவின் வாக்குமூலத்தில் அவர் கடவைக்கு வெளியே குறுக்கே வந்ததாக எழுதியிருந்தது. கையெழுத்துக்கு முன் மாமா வாங்கி வாசித்ததால் பிடித்தோம், திருத்தித் தந்தார்கள். தமிழில் வாக்குமூலம் கொடுக்கும் உரிமையைக் கேட்டு வாங்கலாம். அரச அலுவலரோடு தமிழில் கருமம் ஆற்றும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. உங்கள் அப்பாவின் வாக்குமூலம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். அதன் பிரதியையும் விபத்து வரைபடத்தின் பிரதியையும் எடுத்து, சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். பிழை இருந்தால் மேலதிக வாக்குமூலம் கொடுக்க முடியுமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். பக்கத்துக் கடைகளின் சிசிடிவி ஐந்து மாதத்துக்குப் பிறகு கிடைப்பது கஷ்டம், ஆனாலும் பொலிஸ் அப்போதே எடுத்து வைத்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

சட்ட வைத்திய அதிகாரியின், அதாவது நீதிமன்றத் தேவைக்காகக் காயத்தைப் பரிசோதிக்கும் டொக்டரின் அறிக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் அங்குள்ள பொலிஸ் காவலரண் மூலம் அந்தப் பரிசோதனைக்கான படிவம் அவரிடம் போயிருக்கும். நேரே தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு இது பல நேரம் விடுபட்டுப் போகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட் மட்டும் போதாது. எலும்பு முறிவு என்பது சட்டத்தில் பாரதூரமான காயம். அதை அதிகாரபூர்வமாகச் சொல்லும் கடதாசி அந்த அறிக்கைதான்.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு எதிராகப் பொலிஸ் போடும் குற்ற வழக்கு என்ன ஆனது என்று எழுதவில்லை. அதற்கு ஒவ்வொரு தவணைக்கும் போக முடியாவிட்டாலும் முடிவு என்ன என்று தெரிந்து வைத்திருங்கள். சாரதி குற்றத்தை ஏற்றுத் தண்டம் கட்டினால் அந்த வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்து வையுங்கள். அங்கே நீதவான் நட்டஈடு கட்டச் சொல்லவும் முடியும், ஆனால் அதை நம்பி மாவட்ட நீதிமன்ற வழக்கைக் கைவிட வேண்டாம்.

இப்போது நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புவது. உங்களுக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது. காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இப்படியான நட்டஈட்டு வழக்கை விபத்து நடந்து 2 வருடத்துக்குள் பதிய வேண்டும். கம்பனியோடு கடிதப் போக்குவரத்து நடக்கிறது, பேச்சு நடக்கிறது என்பதால் அந்தக் காலம் நிற்காது. “பைல் ஹெட் ஒபிசுக்குப் போயிருக்கு”, “மெடிக்கல் பெனல் பார்க்க வேணும்”, “முகாமையாளர் லீவு” என்று எங்களையும் இழுத்தார்கள். அன்பாகத்தான் பேசுவார்கள், தேநீர்கூடத் தருவார்கள். இரண்டு வருடம் முடிந்த அடுத்த நாள் அவர்கள் உங்களுக்கு ஒன்றும் தரத் தேவையில்லை. அதனால்தான் எங்கள் சட்டத்தரணி பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் வழக்கைப் பதிந்தார். அதோடு இன்னொன்றும் செய்தார்: கம்பனிக்குப் பதிவுத் தபாலில் வழக்கு அறிவித்தல். வழக்குப் பதிவதற்கு முன்போ, பதிந்து 7 நாளுக்குள்ளோ இந்த அறிவித்தல் போகாவிட்டால், தீர்ப்புப் பணத்தைக் கட்டும் பொறுப்பிலிருந்து கம்பனி தப்பலாம். உங்கள் சட்டத்தரணியிடம் இதை நீங்களே வாயால் கேட்டு, தபால் பற்றுச்சீட்டையும் கண்ணால் பாருங்கள்.

வழக்குப் பதிந்த பிறகு பேச்சின் தொனி மாறியது. விசாரணை தொடங்குவதற்கு முன்னரே 6 இலட்சத்து 50 ஆயிரத்துக்குச் சமாதானமானோம். விசாரணைக்குப் போயிருந்தால் இன்னும் கிடைத்திருக்கலாம், ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் இழுபடும், அம்மாவுக்கு அலைய முடியாது. அது அவருடைய முடிவு, சரியான முடிவு என்றே நினைக்கிறேன். உங்கள் அப்பாவின் முடிவும் அவருடையதாக இருக்கட்டும், வீட்டில் மற்றவர்கள் தொகையைச் சொல்லி அவரை நெருக்க வேண்டாம்.

காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதலாம், உலக வர்த்தக மையத்தில்தான் இருக்கிறது. நாங்கள் கம்பனிக்குப் போன கடிதத்தின் பிரதியை அங்கே அனுப்பினோம், பதில்கள் கொஞ்சம் வேகமாக வந்தன. ஆனால் அது வழக்குக்கு மாற்று அல்ல, இரண்டு வருடக் கணக்கையும் நிறுத்தாது.

சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகப் பார்ப்பார்கள். தனியாக ஒருவரைப் பிடிப்பதாக இருந்தால் விபத்து வழக்குப் பழக்கம் உள்ளவரா என்று விசாரியுங்கள், கட்டணத்தை முதலே எழுத்தில் வாங்குங்கள். கேட்கும் தொகை சிறியதாக இருந்தால் முதலில் இரு தரப்பையும் பேசி இணக்கப் பார்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியும் வரலாம், அதையும் அவர் சொல்வார்.

கம்பனிக்கு இந்தக் கிழமை ஒரு பதில் அனுப்புங்கள். கோபமாக எழுத வேண்டாம். விபத்துத் திகதி, வாகன இலக்கம், அவர்களுடைய கோப்பு இலக்கம். சிகிச்சை இன்னும் முடியவில்லை, ஆகவே 75,000 ரூபாவை முழுத் தீர்வாக ஏற்கவில்லை. அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று எழுத்தில் தாருங்கள். இவ்வளவும் போதும். பதிவுத் தபாலில் போடுங்கள், பிரதியை வைத்திருங்கள். அதற்குப் பிறகு போனில் யார் என்ன கேட்டாலும், கடிதமாக அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.