கேள்வி – பதில்: கடம்பாவும் கொட்டலசும் யாருக்குச் சொந்தம்?

வாசகி, காசிமேடு: கடம்பா (கணவாய்) கழுவும்போது உள்ளேயிருந்து கண்ணாடி மாதிரி ஒரு தண்டு வருகிறது. சிலதில் வெள்ளை ஓடு. இது முதுகெலும்பா என்று என் பையன் கேட்கிறான். என்ன சொல்வது?

எலும்பு இல்லை, ஓடு என்று சொல்லுங்கள். நத்தைக்கும் மட்டிக்கும் வெளியே இருக்கிற அதே ஓடுதான் கடம்பாவில் சதைக்குள் போய்விட்டது. மூன்றும் மெல்லுடலிகள். நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று விற்பதும், லவ் பேர்ட்ஸ் கூண்டில் மாட்டிவிடுவதும் ஓட்டுக் கணவாயின் இந்த வெள்ளை ஓடுதான். உடைத்துப் பார்த்தால் மெல்லிய அடுக்குகள் தெரியும். அந்த அறைகளில் நீரைக் கூட்டியும் குறைத்தும் கணவாய் தான் நிற்கும் ஆழத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஊசிக் கணவாய் ஓயாமல் நீந்துகிற ஆள். அதற்கு அந்தத் தடித்த ஓடு தேவைப்படவில்லை, அது தண்டாக மெலிந்துவிட்டது.

பையனுக்கு ஒரு சோதனை காட்டலாம். வெள்ளை ஓட்டைச் சுரண்டி அந்தப் பொடியில் நாலு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். அது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். கண்ணாடித் தண்டில் விட்டால் ஒன்றும் ஆகாது, அது கைட்டின் என்ற, சுண்ணாம்பு இல்லாத பொருள். ஆனால் இதை வைத்து உறவு சொல்லக் கூடாது. நண்டு ஓட்டில் விட்டாலும் நுரைக்கும். பத்துக் கை இருக்கிறதே என்று கடம்பாவை நண்டோடு சேர்ப்பதும் இதே தப்புதான். நண்டின் கால் ஒவ்வொன்றிலும் மூட்டு உண்டு, கடம்பாவின் கையில் ஒரு மூட்டுகூடக் கிடையாது.

உறவைக் காட்டுகிற இடம் வாய். கைகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் கருப்பாகக் கிளிமூக்கு போன்ற அலகு வெளியே வரும். அதைப் பிளந்தால் உள்ளே சிறு நாடா, அதில் வரிசையாக நுண்பற்கள். விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும், கைலென்ஸ் இருந்தால் பல்லே தெரியும். நத்தைக்கும் இதே நாடா உண்டு. மட்டியில் தேடாதீர்கள், நீரை வடிகட்டித் தின்பதால் அது அந்த நாடாவை இழந்துவிட்டது.

வாசகர், எண்ணூர்: முகத்துவாரத்தில் கல்லிலும் தூணிலும் வெள்ளையாக ஒட்டியிருக்கும் கொட்டலசு (பார்னக்கிள்), ஆளி (சிப்பி) வகையைச் சேர்ந்ததா?

இல்லை, இறால் வகை. பெரிய பெரிய ஆட்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். கெட்டி ஓட்டைப் பார்த்துவிட்டு பிரெஞ்சு விலங்கியலாளர் குவியேவும் இதை மெல்லுடலிகளோடுதான் வைத்தார். இயற்கை ஆய்வாளர் ஜான் வாகன் தாம்சன் இதன் இளம் பருவத்தைக் கவனித்து 1830-ல் எழுதிய பிறகுதான் குட்டு உடைந்தது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஒற்றைக் கண், மூன்று ஜோடிக் கால். நாம் வாங்கும் கடல் இறாலின் குஞ்சும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். சில முறை தோலுரித்த பிறகு, உணர்கொம்பால் இடம் தடவிப் பார்த்து, பசை சுரந்து, தலைகீழாக ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் ஆயுசு முழுக்கக் காலால் உணவை வாரி வாயில் போட்டுக்கொள்ளும் பிழைப்பு. டார்வின் இதை மட்டும் எட்டு வருடம், 1854 வரை ஆராய்ந்தார்.

நேரில் பார்க்க, கொட்டலசு ஒட்டிய சிறு கல்லைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, எடுத்த இடத்துத் தண்ணீரையே கல் மூழ்கும் அளவு ஊற்றுங்கள். அசைக்காமல், மேலே நிழல் விழாமல் சில நிமிடம் விடுங்கள். உச்சியில் கதவு திறந்து, இறகு போன்ற ஆறு ஜோடிக் கால்கள் வெளியே வந்து வீசும். மெட்ரோ வாட்டர் ஊற்றினால் இறுக மூடிக்கொள்ளும், அன்றைக்கு அவ்வளவுதான். ஓட்டு விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும், கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

பெற்றோர், தண்டையார்பேட்டை: பதினொன்றாம் வகுப்பு மகள் விலங்கு உறவு மரம் வரைய வேண்டும். உடலில் வளையம் வளையமாகக் கண்டங்கள் இருப்பதால் மண்புழுவையும் இறாலையும் ஒரே கிளையில் வைத்தாள். தவறு என்கிறார்கள். ஏன்?

உங்கள் மகள் வைத்த இடத்தில்தான் நூறு வருடத்துக்கு மேல் பாடப் புத்தகங்களும் வைத்திருந்தன. 1997-ல் ரைபோசோம் (செல்லில் புரதம் தயாரிக்கும் பகுதி) மரபணு ஒப்பீடு வந்தபின் கிளை மாறியது. தோலுரித்து வளரும் இறால், பூச்சி, உருளைப்புழு எல்லாம் ஒரு பக்கம். தோலுரிக்காத மண்புழு, கடம்பா பக்கம் போய்விட்டது.

ஆறு விலங்கு போதும்: சொறி மீன் (ஜெல்லி மீன்), மண்புழு, கடம்பா, இறால், நட்சத்திர மீன், வஞ்சிரம். சொறி மீனை வெளி ஆளாக முதலில் பிரித்து வையுங்கள். மற்ற ஐந்தையும் அதோடு ஒப்பிட்டால்தான் எது பழைய பண்பு, எது புதிது என்று தெரியும். மீதி ஐந்துக்கும் இடம், வலம் என இரு பக்க உடல். நட்சத்திர மீனில் அது எங்கே என்று மகள் கேட்பாள். வளர்ந்ததில் பார்க்கக் கூடாது, அதன் குஞ்சுக்கு இரு பக்கம் உண்டு. அடுத்து, கருவில் முதலில் தோன்றும் துளை மலவாயாகும் நட்சத்திர மீனும் வஞ்சிரமும் ஒரு கிளை. நாமும் அந்தக் கிளைதான். மற்ற மூன்றில் இறால் தனியாகப் பிரியும், மண்புழுவும் கடம்பாவும் சேரும்.

சிக்கல் இந்தக் கடைசி ஜோடியில் வரும். இவற்றைச் சேர்க்கும் அடையாளமான ட்ரோகோஃபோர் என்ற மிதக்கும் குஞ்சு மண்புழுவுக்கும் இல்லை, கடம்பாவுக்கும் இல்லை. மண்புழுவின் சொந்தமான கடல் வளைதசைப் புழுக்களிலும், கடம்பாவின் சொந்தமான மட்டியிலும் இருக்கிறது. மண்புழுவும் கடம்பாவும் அதைத் தொலைத்துவிட்டன. ‘இல்லை’ என்பதை மட்டும் வைத்து யாரையும் தள்ளி வைக்க வேண்டாம். இன்னொன்று, கிளை பிரியும் முனையில் இன்றைக்கு இருக்கும் எந்த விலங்கின் பெயரையும் எழுதக் கூடாது. அங்கே இருந்தது இரண்டுக்கும் பொதுவான மூதாதை. ஒரு முனையில் இரு கிளைகளையும் இடம் மாற்றி வரைந்தாலும் மரம் அதேதான், அதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது.

வாசகர், ராயபுரம்: சுறாவும் வஞ்சிரமும் மீன்தானே, எது எதற்கு நெருக்கம்?

வஞ்சிரம் சுறாவைவிட நமக்குத்தான் நெருங்கின சொந்தம். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறோமே, அந்த மூடி சுறாவுக்குக் கிடையாது. பக்கவாட்டில் திறந்த பிளவுகள் மட்டும். அதன் எலும்புக்கூடு குருத்தெலும்பு. வஞ்சிரத்தின் தாடையில் இருக்கும் எலும்புகளில் சில நம் தாடையிலும் இருக்கின்றன.