ஏற்காட்டுப் பனியும் டவர் கேபிளும்: ஹாம் ரேடியோ கேள்வி – பதில்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் கிளப்பின் 30 மீட்டர் டவரில் 145 மெகாஹெர்ட்ஸ் ரிப்பீட்டர் (பலவீனமான குரலைக் கேட்டு, பலமாகத் திருப்பி அனுப்பும் நிலையம்) ஓடுகிறது. 14 வருடத்துக்கு முன் போட்ட ஆர்ஜி-213 கேபிள், மொத்தம் 45 மீட்டர். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) முன்பு 1.6 காட்டியது, இப்போது 1.2. மீட்டர் இவ்வளவு நன்றாகக் காட்டும்போது கரூர், திருச்சிப் பக்கத்து ஹேண்டி செட்டுகள் (கையடக்க ரேடியோக்கள்) ஏன் கேட்காமல் போயின?
– ஏற்காடு வாசகர்

பதில்: ஆன்டெனாவில் கை வைக்காமலே எஸ்டபிள்யூஆர் குறைந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டும். ஆன்டெனாவில் மோதித் திரும்பும் சக்தி, மீட்டருக்கு வந்து சேருமுன் கேபிளிலேயே சூடாகிக் கரைந்துவிடுகிறது. திரும்பி வந்ததை மட்டும்தான் மீட்டர் பார்க்கும். வழியில் தொலைந்தது அதற்குத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். நல்ல ஆர்ஜி-213 கேபிளே இந்த அலைவரிசையில் 100 மீட்டருக்குச் சுமார் 9 டெசிபல் தின்னும் (3 டெசிபல் போனால் சக்தியில் பாதி போனதாக அர்த்தம்). உங்கள் 45 மீட்டருக்கு 4 டெசிபல். கீழே 50 வாட் கொடுத்தால் மேலே போவது 20 வாட். ஆன்டெனாவில் நிஜமாகவே எஸ்டபிள்யூஆர் 3 இருந்தாலும் கீழே 1.5 என்றுதான் தெரியும். இது புதுக் கேபிளின் கதை. ஈரம் புகுந்து இழப்பு 8 டெசிபல் ஆகிவிட்டால் மேலே போவது 8 வாட்தான். கேட்பதிலும் அதே 8 டெசிபல் போகும். சேர்வராயன் மலை சமவெளியைவிட 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்பதால் ரேடியோ அடிவானம் சுமார் 140 கிலோமீட்டர் வரை எட்டும். ஆகவே திருச்சி எல்லைக்குள்தான் இருக்கிறது. காலடியில் இருக்கும் சேலம் டவுன் எந்தக் கேபிளிலும் கேட்கும். பலவீனமான தூரத்துக் குரல்தான் முதலில் மறையும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. மேலே ஆன்டெனாவைக் கழற்றி, கேபிள் முனையை எதிலும் சேர்க்காமல் விடுங்கள். கீழே நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவுக் கருவியில் ரிட்டர்ன் லாஸ், அதாவது அனுப்பியதைவிடத் திரும்பி வந்தது எத்தனை டெசிபல் குறைவு என்று எடுங்கள். அதில் பாதிதான் கேபிளின் ஒருவழி இழப்பு. உங்கள் நீளத்துக்கு 8 டெசிபல் அருகே வந்தால், அதாவது எஸ்டபிள்யூஆர் 2.3 போலக் காட்டினால், கேபிள் நலம். 16 டெசிபல், எஸ்டபிள்யூஆர் 1.4 என்று வந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஆன்டெனாவே இல்லாதபோது மீட்டர் நல்ல எண் காட்டுவதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்?

மல்டிமீட்டர் சோதனையை மட்டும் நம்பி ஏமாற வேண்டாம். மேல் முனையை ஷார்ட் செய்து கீழே அளந்தால், புரோப் ஒயரின் மின்தடை போக அரை ஓம் அளவில் வரும். பல ஓம் வந்தால் கேபிள் கெட்டது நிச்சயம். ஆனால் அரை ஓம் வந்ததாலேயே கேபிள் நல்லது என்று ஆகாது. கேபிளின் வெளிக்கவசமான பின்னல் கம்பிகள் கறுத்துப்போனாலும், மல்டிமீட்டர் அனுப்பும் டிசி மின்சாரத்தைத் தடையில்லாமல் விடும், 145 மெகாஹெர்ட்ஸ் போன்ற விஹெச்எஃப் அலையை விடாது.

கேள்வி: மாற்றுவதற்கு எல்எம்ஆர்-400 வாங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதே ரிப்பீட்டர், அதே டவர். என்னென்ன, எவ்வளவு வாங்க வேண்டும்?
– ஏற்காடு வாசகர்

பதில்: சாதாரண ஸ்டேஷனுக்கு எல்எம்ஆர்-400 அருமையான கேபிள். 100 மீட்டருக்கு 5 டெசிபல்தான் இழப்பு. ரிப்பீட்டருக்கு மட்டும் அதைச் சொல்ல மாட்டோம். அதில் அலுமினியத் தாளின்மேல் ஈயம் பூசிய செம்புப் பின்னல் இருக்கிறது. இரண்டு உலோகம் ஒன்றோடொன்று உரசும் இடத்தில், ஒரே ஆன்டெனாவில் அனுப்பலும் கேட்டலும் சேர்ந்து நடக்கும்போது கரகரப்பு பிறக்கும். புதிதாகப் போட்டபோது தெரியாது. சில வருடம் கழித்து, காற்று அடித்தால் மட்டும் வரும் இரைச்சலாகத் தலைகாட்டும். அனுப்பலையும் கேட்டலையும் பிரிக்கும் டூப்ளெக்ஸர் பெட்டியைக் கழற்றி மாட்டிப் பல நாள் போகும், காரணம் கிடைக்காது.

ரிப்பீட்டருக்கு வரிவரியாக மடிப்பு வைத்த செம்புக் குழாய்க் கேபிள், அரை அங்குல அளவு போடுங்கள். ஹெலியாக்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு 2.7 டெசிபல்தான் இழப்பு. 45 மீட்டருக்கு 1.2 டெசிபல், அதாவது 50 வாட்டில் 38 வாட் மேலே போய்ச் சேரும். விலை கூடுதல்தான். ஆனால் கிளப் பணத்தை எங்கே செலவழிப்பது என்று கேட்டால், புது செட்டைவிட இந்தக் கேபிளுக்கே எங்கள் ஓட்டு.

டவர் 30 மீட்டர், அறை வரை 10 மீட்டர், மேலும் கீழும் தொங்கும் வளைவுகளுக்கும் தவறிப்போனால் வெட்டிக்கொள்ளவும் மிச்சம் என்று 50 மீட்டர் ஒரே துண்டாக வாங்குங்கள். நடுவில் ஒட்டுப் போட்டால் அதுதான் முதலில் தண்ணீர் குடிக்கும். கேபிள் அளவுக்கான N வகை கனெக்டர் 2, மேலும் கீழும் போடும் ஜம்பர்களுக்கு (வளையும் சிறு இணைப்புக் கேபிள்கள்) 4, மீட்டருக்கு ஒன்று வீதம் கிளாம்ப் 40, எர்த்திங் கிட் 3, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் 2 சுருள், நல்ல பிவிசி டேப் 4 சுருள். இந்தக் கேபிளை 12.5 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்காதீர்கள். மடிந்த குழாயை நிமிர்த்தினாலும் பழையபடி ஆகாது.

ஆர்ஜி-213 தேவைப்படும் ஹெச்எஃப் (30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான அலை) வேலைக்குக் கடையிலேயே ஒரு விரல் நீளம் தோலை உரித்துப் பாருங்கள். பின்னலுக்கு நடுவே உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பளிச்சென்று தெரிந்தால் அது பெயருக்கு 213. வெளி விட்டம் 10.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

கேள்வி: மேலே உள்ள பிஎல்-259 கனெக்டருக்கு சிலிகான் பூசி, இன்சுலேஷன் டேப்பும் சுற்றினோம். இரண்டு மழைக்காலம் கழித்துப் பிரித்தால் உள்ளே பச்சை பூத்து, கேபிளின் பின்னல் கறுத்துக் கிடக்கிறது. எங்கே தவறு?
– சேலம், அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: இரண்டு தவறு. பூசும்போது புளிக்காடி வாசனை அடிக்கும் சிலிகான், காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. செம்பை அரிக்க அதுவே போதும். அதைவிடப் பெரிய தவறு, பிஎல்-259 தானே தண்ணீரைத் தடுக்கும் என்று நம்பியது. அதில் ரப்பர் வளையம் எதுவும் கிடையாது.

மழை நேரடியாக உள்ளே வருவதைவிட இன்னொன்று மோசம். பகலில் வெயில் பட்டு கனெக்டருக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் பனிமூட்டம் இறங்கும்போது குளிர்ந்து, சுற்றியிருக்கும் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். தினமும் ஒரு மூச்சு. உள்ளே நீராகப் படிந்தது பின்னல் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மீட்டர் கணக்கில் கேபிளுக்குள் ஓடும். அதனால்தான் கனெக்டரை மட்டும் மாற்றினால் பழுது தீருவதில்லை. பின்னல் செம்பு நிறமாகத் தெரியும் இடம் வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு மீட்டர் தாண்டியும் கறுப்பாகவே இருந்தால் மொத்தக் கேபிளையும் விட்டுவிடுங்கள்.

சுற்றும் முறை இது. இணைப்பை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பனி விலகாத காலையில் இந்த வேலை வேண்டாம். முதலில் பிவிசி டேப் ஒரு சுற்று, பின்னாளில் பிரிக்க அது உதவும். அதன்மேல் ரப்பர் டேப்பை, அகலம் பாதியாகச் சுருங்கும் அளவு இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி மூன்று அடுக்கு சுற்றுங்கள். கனெக்டரைத் தாண்டி கேபிள்மேல் 5 சென்டிமீட்டராவது போக வேண்டும். வெயில் படாமலிருக்க மேலே மறுபடி பிவிசி டேப். கடைசி அடுக்கு எப்போதும் கீழிருந்து மேலாகப் போகட்டும். ஓட்டு வீட்டின் ஓடுபோல மேல் சுற்று கீழ் சுற்றின்மேல் படிந்தால் தண்ணீர் வழிந்துவிடும், தலைகீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு கிண்ணம். முடிக்கும்போது டேப்பை இழுத்து அறுக்காமல் கத்தரியால் வெட்டி, கடைசிச் சுற்றை இழுக்காமல் ஒட்டுங்கள். இழுத்து ஒட்டிய முனை ஒரு கோடையில் சுருண்டு எழுந்துவிடும்.

இணைப்புக்குக் கீழேயும், அறைச் சுவருக்கு வெளியேயும் கேபிள் ஒரு தொங்கல் வளைவு போட்டுத்தான் போக வேண்டும். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். சுவர்த் துளையை வெளிப்பக்கம் சரிவாகத் துளையுங்கள்.

கேள்வி: பழைய கேபிளின் முனையில் புதியதைக் கட்டி இழுத்து ஏற்றிவிடலாமா? எந்த மாதம் ஏறுவது நல்லது?
– ஆத்தூர் வாசகர்

பதில்: கூடாது. வெயிலில் காய்ந்த கேபிள் எந்த இடத்தில் அறும் என்று சொல்ல முடியாது, கிளாம்ப் ஒவ்வொன்றிலும் சிக்கும். உச்சியில் கப்பி கட்டி, 12 மில்லிமீட்டர் கயிறு 70 மீட்டர் போட்டுக்கொள்ளுங்கள். பழையதைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள், மேலிருந்து போடக் கூடாது. புதுக் கேபிளின் கனெக்டரைப் பிளாஸ்டிக் பையால் மூடி, கனெக்டரில் பாரம் விழாதபடி அதற்கு ஒரு மீட்டர் கீழே முதல் முடிச்சும், பிறகு 5 மீட்டருக்கு ஒன்றுமாகக் கயிற்றோடு கட்டுங்கள். அரை அங்குலக் கேபிள் 45 மீட்டர் 10 கிலோ வரும், கையால் இழுக்கலாம். கிளாம்பை மேலிருந்து கீழாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். நுரை நிரப்பிய கேபிளில் கேபிள் டையைப் பல்லைக் கடித்து இறுக்கினால் உள்ளே நசுங்கி, அந்த இடத்தில் கேபிளின் 50 ஓம் இம்பீடன்ஸ் (அலைக்குக் காட்டும் எதிர்ப்பு) மாறிவிடும். டை போட்டே ஆக வேண்டுமென்றால் வெயில் தாங்கும் கறுப்பு வகைதான்.

ஏற்றுமுன் புதுக் கேபிளைத் தரையிலேயே, கனெக்டர் மாட்டி, அளந்து எழுதி வையுங்கள். 30 மீட்டர் உயரத்தில் தெரியவரும் சோல்டரிங் பிழைக்கு ஒரு நாள் போய்விடும். அந்த எண்தான் பத்து வருடம் கழித்து ஒப்பிடவும் உதவும்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடு வரை நல்ல காலம். ஏப்ரலில் பிற்பகல் இடி தொடங்கிவிடும். காலை ஒன்பது மணிக்கு மேல், இரும்பில் பனி காய்ந்த பிறகு ஏறுங்கள். ஐஎஸ் 3521 முத்திரை உள்ள முழு உடல் ஹார்னஸ், இரண்டு கொக்கிக் கயிறு, ஒன்றைக் கழற்றுமுன் மற்றது மாட்டியிருக்க வேண்டும். டவரை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே ஒயர், அதை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள், அடிப்பகுதித் துரு இவற்றைப் பார்க்காமல் யாரும் ஏறக்கூடாது. ரிப்பீட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கி, அறைச் சாவி ஏறுபவரின் பையில் இருக்கட்டும். கீழே நிற்பவர்களுக்கு ஹெல்மெட், டவரின் நேர் அடியில் யாரும் வேண்டாம். முந்தின நாளே பைனாகுலரில் உச்சியைப் பாருங்கள். மலைத்தேனீ கூடு இருந்தால் வேலையைத் தள்ளிப் போடுவதுதான் வழி.

கேள்வி: கேபிளை எர்த் செய்வது எங்கெங்கே? செம்புக் கம்பியை நேராக டவரில் முடுக்கலாமா?
– ஓமலூர் வாசகர்

பதில்: மூன்று இடம். டவர் உச்சியில், டவர் அடியில் கேபிள் அறைப் பக்கம் திரும்புமுன், அறைக்குள் நுழையும் இடத்தில். மூன்றாவது இடத்தில், மின்னல் அதிர்வை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டரும் வையுங்கள். டவர் எர்த்தும் கட்டட எர்த்தும் தடித்த கம்பியால் இணைந்திருக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் மின்னலின்போது இரண்டுக்கும் நடுவிலுள்ள வோல்டேஜ் உங்கள் செட் வழியாகத்தான் சமமாகும்.

செம்பு நேராகத் துத்தநாகம் பூசிய இரும்பில் பட்டால், ஈரத்தில் துத்தநாகம் கரைந்து டவர் துருப்பிடிக்கும். நடுவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷரோ ஈயம் பூசிய லக்கோ (கம்பி முனையில் மாட்டும் உலோக வளையம்) வையுங்கள்.

கேள்வி: கேபிள் டிவிக்காரரிடம் மிச்சமான ஆர்ஜி-6 சுருள் ஒன்று இருக்கிறது. ரிப்பீட்டரைக் கேட்க மட்டும் மொட்டைமாடி ஆன்டெனாவுக்குப் போடலாமா?
– சேலம், ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்

பதில்: கேட்க மட்டும் என்றால் தாராளமாக. ஆர்ஜி-6 75 ஓம், ரேடியோ செட் 50 ஓம். அந்த வித்தியாசத்தால் போவது ஒரு டெசிபல்கூட இல்லை. அனுப்பவும் வேண்டும் என்று பின்னால் ஆசை வந்தால் கேபிளை மாற்றுங்கள். அதன் அலுமினியப் பின்னலில் சோல்டர் ஒட்டாது, எஃப் கனெக்டர் மாட்டிய இடம் வெயில் மழையில் சீக்கிரம் தளர்ந்துவிடும்.