விமானம் இறங்கும்போது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கம்ப்யூட்டர் இருந்தும் விமானம் ஏன் சில நேரம் தேவைக்கு மேல் உயரத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது? (திருச்சி வாசகர்)

கம்ப்யூட்டரின் கணக்கு தப்பாவதில்லை. அது கணக்குப் போட்ட பாதைதான் நடுவில் மாறிவிடுகிறது. 3 டிகிரி சரிவில் 1,000 அடி இறங்க ஏறக்குறைய 3 கடல் மைல் வேண்டும். அப்படியானால் 36,000 அடிக்கு 108 மைல். வேகத்தைக் குறைக்க இன்னும் 10 மைல். பாதி வழியில் கட்டுப்பாட்டு அறை "நேரே வாருங்கள்" என்று 20 மைலைக் குறைத்துவிட்டால், விமானம் அந்த நொடியே ஏறக்குறைய 6,500 அடி கூடுதல் உயரத்தில் இருக்கிறது. பின்காற்று சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஒரே நேரத்தில் செங்குத்தாக இறங்கவும் வேகத்தைக் குறைக்கவும் ஜெட் விமானத்தால் முடியாது. வேகம் இருக்கும்போதே ஸ்பீட் பிரேக்கை (இறக்கை மேல் எழும் தடுப்புப் பலகைகள்) விரித்து உயரத்தைக் கரைக்க வேண்டும், அப்போதுதான் அது நன்றாகப் பிடிக்கும். பிறகு வேகத்தைக் குறைக்கலாம்.

கிளைடுஸ்லோப்பை (ஓடுபாதைக்கு இறங்க ரேடியோ அலை காட்டும் சரிவுப் பாதை) மேலிருந்து பிடிக்க வேண்டி வந்தால், ஏர்பஸ் ஏ320-ல் வெர்டிகல் ஸ்பீட் மோடில் (நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்குவது என்று பைலட் வைக்கும் முறை) நிமிடத்துக்கு 1,500 அடி என்று தொடங்குவார்கள். அப்போது ஆல்டிட்யூட் ஜன்னலில் (பைலட் வைத்த உயரத்தைக் காட்டும் சிறு திரை) இருக்கும் எண் விமானத்தின் உயரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விமானம் இடையில் அந்த உயரத்தைப் பிடித்து நின்றுவிடும்.

கேள்வி: 1990 பெங்களூரு விபத்தில் ஆட்டோமேஷன் எங்கே தவறியது? (சேலம் வாசகர்)

பழுதாகி எதுவும் தவறவில்லை. அதனால்தான் இந்த விபத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். 1990 பிப்ரவரி 14 அன்று மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 ஓடுபாதைக்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தனர்.

விமானம் 'ஓப்பன் டிசென்ட்' மோடில் இருந்தது. இந்த மோடில் எஞ்சின்கள் ஐடிலிலேயே, அதாவது மிகக் குறைந்த விசையிலேயே, கிடக்கும்; வேகத்தைக் காப்பது விமானத்தின் மூக்குதான். பைலட் கையால் ஓட்டிக்கொண்டு, சரிவைக் காக்க மூக்கைத் தூக்கினால் வேகம் விழும். எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ரஸ்ட் உதவிக்கு வராது. அது வேகத்தைக் கவனிக்கும் மோடுக்கு மாற இரண்டு ஃபிளைட் டைரக்டர்களையும் (எப்படி ஓட்ட வேண்டும் என்று திரையில் வழிகாட்டும் கருவிகள்) அணைக்க வேண்டும். அன்று ஒன்று அணைந்தது, மற்றொன்று இயங்கிக்கொண்டே இருந்தது. நிமிடத்துக்கு 700 அடி என்று வெர்டிகல் ஸ்பீடில் வைக்க வேண்டிய எண்ணை ஆல்டிட்யூட் குமிழில் 700 அடி உயரம் என்று வைத்திருக்கலாம் என்றும் விசாரணை கருதியது. அந்த விமான நிலையமோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் இருக்கிறது!

கடைசி நொடிகளில் எஞ்சின் விசை லீவரை முன்னே தள்ளினார்கள். ஐடிலில் கிடக்கும் பெரிய எஞ்சின் முழு விசைக்கு வரச் சில நொடிகள் பிடிக்கும். அந்த நொடிகள் அவர்களிடம் இல்லை.

பட்டனை அழுத்தியதால் மோட் மாறிவிட்டது என்று நம்பக் கூடாது. பிரதானத் திரையின் மேல்வரியில் என்ன எழுத்து வந்தது என்று பார்த்து, ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: சரிவின் டிகிரி, நிமிடத்துக்கு இறங்கும் அடி என ஒரே குமிழில் இரண்டு அளவுகள் வைப்பது ஆபத்தில்லையா? (மதுரை வாசகர்)

ஆபத்துதான். 1992 ஜனவரி 20 அன்று ஸ்ட்ராஸ்பர்க் அருகே ஏ320 ஒன்று மலையில் மோதி 87 பேர் இறந்தனர். 3.3 டிகிரி சரிவு என்று எண்ணி 33 என்று வைத்தது, வேறு மோடில் நிமிடத்துக்கு 3,300 அடியாகிவிட்டது என்பதே விசாரணையில் வலுத்த கருத்து. பிறகு வெர்டிகல் ஸ்பீடை நான்கு இலக்கத்தில் காட்டும்படி திரையை மாற்றினார்கள்.

கேள்வி: சென்சார் பொய் சொன்னால்? (கோவை வாசகர்)

2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம், துருக்கிய ஏர்லைன்ஸ் 737. விமானம் இன்னும் உயரத்தில் இருக்கும்போதே தரையிலிருந்து உயரத்தை அளக்கும் இடது ரேடியோ ஆல்டிமீட்டர் மைனஸ் 8 அடி என்று காட்டியது. தரை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்ட ஆட்டோத்ராட்டில் (ஆட்டோத்ரஸ்டின் 737 வடிவம்) விசையை ஐடிலுக்கு இறக்கியது. அப்போது கிளைடுஸ்லோப்பை மேலிருந்து பிடித்துக்கொண்டிருந்ததால், ஐடில் இயல்பாகவே தோன்றியது. மேல்வரியில் 'ரிடார்ட்' (விசை குறைகிறது) என்று வந்திருந்தது. 1,000 அடியில் விமானம் நிலைப்படவில்லை, ஆனாலும் தரையிறக்கத்தைத் தொடர்ந்தார்கள். 9 பேர் இறந்தனர். அந்த உயரத்தில் வேகம், ஃபிளாப் (தரையிறங்க இறக்கையில் நீட்டும் பலகைகள்), விசை ஆகியவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் தரையிறக்கத்தைக் கைவிட்டு மேலே ஏற வேண்டும்.