வாசகர் கேள்வி – பதில்: போரில் மாண்டவர்களை ஆலயத்தில் நினைகூரும்போது

கேள்வி: ‘ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை’ என்ற வசனத்தைப் போர் நினைவுச் சின்னங்களில் பொறிக்கிறார்கள். போர்வீரனின் சாவும் கிறிஸ்துவின் சாவும் ஒன்றா?

பதில்: ஒன்றல்ல. யோவான் 15:13ஐ அது சொல்லப்பட்ட இரவோடு சேர்த்து வாசியுங்கள். சீஷர்களின் கால்களை இயேசு கழுவிய இரவு அது. முந்தின வசனம், ‘நான் உங்களில் அன்பாயிருக்கிறதுபோல நீங்களும் ஒருவரிலொருவர் அன்பாயிருக்கவேண்டும்’ என்கிறது. உயிரை எடுப்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை, கொடுப்பதைப் பற்றித்தான் பேச்சு. அடிபட்டுக் கிடந்த தோழனைத் தூக்கிவரப் போய் குண்டடிபட்டுச் செத்தவனுக்கு அந்த வசனம் அப்படியே பொருந்தும். அவனை அந்த வார்த்தையால் கனப்படுத்துவதில் தவறே இல்லை.

ஆனால் கிறிஸ்து சிநேகிதருக்காக மட்டும் மரிக்கவில்லை. நாம் சத்துருக்களாய் இருக்கும்போதே அவர் மரணத்தினால் ஒப்புரவாக்கப்பட்டோம் என்கிறது ரோமர் 5:10. அந்தப் பலி ஒரேதரம் செலுத்தப்பட்டது என்கிறது எபிரெயர் 10. போர்வீரனின் தியாகம் அந்த அன்பை நினைவூட்டலாம், பாவத்தை நிவிர்த்தி செய்யாது. ஆகவே, ‘நாட்டுக்காக உயிர் விட்டார், அதனால் பரலோகம் நிச்சயம்’ என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்லக்கூடாது. பிள்ளையை இழந்த தாயின் முன் அவன் ஆத்துமாவைப் பற்றிச் சந்தேகம் எழுப்புவதும் கூடாது. அவனைத் தேவனுடைய இரக்கத்தில் ஒப்படைத்துவிட்டு, தாயோடு சேர்ந்து அழுங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் முதல்முறையாக நினைவு ஆராதனை நடத்தப் போகிறோம். எதை எங்கே வைப்பது?

பதில்: நினைவுகூரும் பகுதிக்கு 12 முதல் 15 நிமிடம் ஒதுக்குங்கள். பரிந்துரை ஜெபத்துக்குச் சற்று முன்னால் வைப்பது நல்லது. அறிவிப்புகளுக்குப் பிறகோ, கைதட்டிப் பாடும் பாடலுக்கு அடுத்தோ வைத்தால் சபையின் மனம் அதற்குள் இறங்காது.

முதலில் 2 சாமுவேல் 1:17–27. சவுலுக்காகவும் யோனத்தானுக்காகவும் தாவீது பாடிய புலம்பல் அது. ‘பராக்கிரமசாலிகள் விழுந்துபோனார்கள்’ என்ற அழுகைதான் அதில் இருக்கிறது, வெற்றி முழக்கம் ஒன்றுகூட இல்லை. தன்னைக் கொல்லத் தேடிய சவுலையும் தாவீது அதில் குறைவாகப் பேசவில்லை. நினைவு ஆராதனைக்கு இதைவிடப் பொருத்தமான வேதபகுதி கிடைப்பது அரிது.

அடுத்து பெயர்கள். ஒரு பெயரை வாசித்து, மூச்சுவிட்டு, அடுத்ததற்குப் போக ஏறக்குறைய 4 விநாடி ஆகும். அப்படியானால் நிமிடத்துக்கு 15 பெயர். அறுபது பெயர் இருந்தால் 4 நிமிடம். பட்டியலை ஒரு வாரம் முன்னதாகவே குடும்பத்தாரிடம் காட்டி எழுத்தையும் உச்சரிப்பையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மகனின் பெயரை வருடத்தில் ஒரே ஒரு முறை பொதுவில் கேட்கிறவர்களுக்கு, அது தப்பாக வந்தால் ஏற்படும் வலி சாதாரணமானதல்ல. படைப் பதவியைச் சொல்லாமல், பெயரை மட்டும் அகர வரிசையில் வாசியுங்கள். 1917இல் தொடங்கிய பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் இதைக் கல்லிலேயே காட்டியது: தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வடிவக் கல். முதல் உலகப் போரில் மாண்டவர்களின் கல்லில் குடும்பத்தார் சொந்த வாசகம் சேர்க்க விரும்பினால் இடைவெளியோடு சேர்த்து 66 எழுத்துகள், அதுவும் எல்லாருக்கும் ஒரே அளவு. அடையாளம் தெரியாதவரின் கல்லில் ‘தேவனுக்கு மட்டும் தெரிந்தவர்’ என்ற பொருளில் எழுதினார்கள். பெயர் தெரியாதவர்களுக்காக உங்கள் பட்டியலின் கடைசியிலும் ஒரு வரி இருக்கட்டும்.

பிறகு மௌனம். முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்கு நின்றது. ஓராண்டு கழித்து, 1919இல், அதே நேரத்தில் பிரிட்டிஷ் பேரரசெங்கும் இரண்டு நிமிட மௌனம் காத்தார்கள். பல சபைகளில் பிழை நேருவது இந்த இடத்தில்தான். நடத்துகிறவருக்குப் பதற்றம் வந்து 40 விநாடியிலேயே ‘ஆமென்’ சொல்லிவிடுவார், அல்லது இசைக்கருவி வாசிப்பவர் மெல்லிய பின்னணி இசையைத் தொடங்கிவிடுவார். ஒருவர் கையில் கடிகாரத்தைக் கொடுங்கள். கீபோர்டை அணைத்துவிடுங்கள். ‘எழுந்து நிற்போம், இரண்டு நிமிடம் கழித்து ஒரு வசனம் வாசிக்கப்படும், அதோடு மௌனம் முடியும்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முடிவு எப்படி வரும் என்று தெரியாவிட்டால் சபை அமைதியாக இருக்காது, காத்துக்கொண்டிருக்கும். பழக்கமில்லாத சபை ஒரு நிமிடத்திலிருந்து தொடங்கலாம். குழந்தை அழுதால் அழட்டும்.

முடிக்கும் வசனமாக ஏசாயா 2:4ஐ வாசியுங்கள்: பட்டயங்கள் மண்வெட்டிகளாகும், ‘இனி அவர்கள் யுத்தத்தைக் கற்பதுமில்லை’. அதன் பிறகு ஜெபம். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் மரித்தோரின் ஆத்துமாவுக்காக மன்றாடுவார்கள். புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலும் அவர்களுக்காக நன்றி சொல்லி, குடும்பத்துக்காக ஜெபிப்பார்கள். பல சபையார் கூடும் ஆராதனையானால் ஜெபத்தின் வார்த்தைகளை முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எதிரி நாட்டு வீரர்களுக்காகவும் ஜெபிக்க வேண்டுமா? சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

பதில்: வேண்டும். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயத்தைக் குண்டு வீசி எரித்தன. இடிபாட்டில் கிடந்த பழைய ஆணிகளைக் கொண்டு சிலுவை செய்தார்கள். பலிபீடத்துக்குப் பின்னால் இருந்த சுவரில் ‘பிதாவே மன்னியும்’ என்று எழுதினார்கள். சிலுவையில் இயேசு சொன்னது ‘இவர்களுக்கு மன்னியும்’ என்பது. அந்த ‘இவர்களுக்கு’ சுவரில் இல்லை. அதை எழுதியிருந்தால் குற்றவாளி எதிர்ப்பக்கத்தில் மட்டும் இருப்பான். எழுதாததால் எழுதினவர்களும் அந்த ஜெபத்துக்குள் வந்துவிட்டார்கள். பிற்பாடு அதேபோன்ற ஆணிச் சிலுவைகள் குண்டுவீச்சில் அழிந்த ஜெர்மன் நகரங்களுக்கும் போயின.

விருப்பமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ‘எங்கள் வீரர்களுக்காகவும், அவர்கள் எதிர்த்துப் போரிட்டவர்களுக்காகவும், இரு பக்கத்திலும் அழுகிற தாய்மாருக்காகவும்’ என்று ஒரே வாக்கியமாக ஜெபியுங்கள். தாய்மாரைச் சொல்லும்போது மறுப்பு பெரும்பாலும் கரைந்துவிடும்.

கேள்வி: ஆயுதம் தொடமாட்டேன் என்ற கொள்கையுள்ள விசுவாசி இந்த ஆராதனைக்கு வரலாமா? வந்தால் போரை ஆதரித்ததாகாதா?

பதில்: தாராளமாக வரலாம். இறந்தவருக்காகத் துக்கப்படுவது போருக்குக் கையெழுத்துப் போடுவதல்ல. இரண்டு வழியும் சபை வரலாற்றில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. கிறிஸ்துவின் ஊழியன் போரிடக்கூடாது என்று ரோமப் படையிலிருந்து விலகி, பின்பு ஆயரான தூர் நகரத்து மார்ட்டினின் திருநாளும் நவம்பர் 11தான். மறுபக்கம் ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன், போனிபாஸ் என்ற ரோமத் தளபதிக்கு எழுதிய கடிதத்தில், போரிலும் சமாதானம் பண்ணுகிறவனாய் இரு என்றார். ஆயுதமே எடுக்காத மருத்துவ உதவியாளர் டெஸ்மண்ட் டாஸ் 1945இல் ஒக்கினாவாவில் காயம்பட்ட ஏறக்குறைய 75 பேரை, பாறை விளிம்பிலிருந்து ஒவ்வொருவராகக் கயிற்றில் இறக்கிக் காப்பாற்றினார். அமெரிக்காவின் மிக உயர்ந்த படைப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

கேள்வி: தேசியக் கொடியைப் பலிபீடத்தின் மேல் விரிக்கலாமா?

பதில்: வேண்டாம். திருவிருந்து மேசை கர்த்தருடையது. கொடியைப் பக்கத்தில் கம்பத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி: போரிலிருந்து திரும்பி வந்து, சில வருடம் கழித்துத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர் ஒருவர் எங்கள் சபையில் இருந்தார். அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்கலாமா?

பதில்: குடும்பத்தார் சம்மதித்தால் கட்டாயம் சேருங்கள். எப்படி மரித்தார் என்று சொல்ல வேண்டாம், தனித் தலைப்பும் வேண்டாம், அகர வரிசையில் அவருக்குரிய இடத்திலேயே வரட்டும். உடலில் பட்ட காயத்தால் பத்து வருடம் கழித்துச் செத்தவரைப் போரில் மாண்டவர் என்று ஏற்கிறோமே, மனதில் பட்ட காயத்துக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு? பெயர் வாசிக்கும் வேளையில் குடும்பத்தார் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஆராதனைக்கு வரும் முன்னாள் வீரர்களையும் கவனியுங்கள். டிரம், பட்டாசு, திடீர் எக்காளம் எதுவும் முன்னறிவிப்பில்லாமல் வேண்டாம். கதவோரம் நாலைந்து நாற்காலிகளை அவர்களுக்கென்று விட்டுவையுங்கள். நடுவில் ஒருவர் எழுந்து வெளியே போனால் திரும்பிப் பார்க்க வேண்டாமென்று சபைக்குச் சொல்லிவையுங்கள். அவர் பின்னாலேயே ஒருவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், பேசாமல் பக்கத்தில் நிற்கட்டும்.