கடல் நீரிலேயே மெக்னீசியம் இருக்கிறதாமே, பிறகு ஏன் அது மலிவாகக் கிடைப்பதில்லை?

இருப்பது உண்மைதான். லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம். கொஞ்சமும் வீணாகாமல் எடுத்தாலும் ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 800 லிட்டர் கடல்நீர் வேண்டும். அது ஓசியில் கிடைக்கும். காசைத் தின்பது, அதிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை.

1941-இல் அமெரிக்காவின் டெக்சாஸில், ஃப்ரீபோர்ட் என்ற ஊரில் டௌ கெமிக்கல் நிறுவனம் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. கால்வெஸ்டன் விரிகுடாவில் வாரிய சிப்பி ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள் (நம்மூரில் கிளிஞ்சலைச் சுடுவார்களே, அதே வேலை). அதைக் கடல்நீரில் கலந்தால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வெள்ளைச் சேறாக அடியில் படியும். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் மெக்னீசியம் குளோரைடு. இதுவரை பத்தாம் வகுப்பு வேதியியல்.

தலைவலி அடுத்ததுதான். இந்தக் குளோரைடு தண்ணீரை லேசில் விடாது. கடைசி ஈரத்தையும் விரட்ட உலையை ஏற்றினால் குளோரைடே சிதைந்து அமிலப் புகையாகப் போய்விடும், ஆக்சைடு மிஞ்சும். டௌ ஆட்கள் கொஞ்சம் ஈரத்தோடேயே மின்னாற்பகுப்புத் தொட்டியில் போட்டுச் சமாளித்தார்கள். சுமார் 700 டிகிரியில் உருகிய உப்புக்குள் மின்சாரம் பாய, உப்பைவிட லேசான உலோகம் மேலே மிதந்து வரும். கிலோவுக்கு 10 யூனிட்டுக்கு மேல் கரண்ட் செலவு. அந்த ஆலை 1998-இல் மூடப்பட்டது.

இன்று சந்தையை ஆள்வது சீனா. அங்கே மூலப்பொருள் மெக்னீசியம் கலந்த டோலமைட் கல். சுட்ட கல்லோடு ஃபெர்ரோசிலிக்கன் (இரும்பும் சிலிக்கனும் சேர்ந்த கலவை) சேர்த்து, காற்றை உறிஞ்சிய எஃகுக் குழாயில் 1200 டிகிரி வரை காய்ச்சினால் மெக்னீசியம் ஆவியாகிக் குளிர்ந்த முனையில் படியும். கனடாக்காரர் லாயிட் பிட்ஜன் வகுத்த முறை. சேலத்து வெள்ளைக்கல்லிலும் (மேக்னசைட்) மெக்னீசியம் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் உலைச் செங்கல்லாகத்தான் போகிறது.

விலை ஒரு பக்கம் என்றால் தீ இன்னொரு பக்கம். மெக்னீசியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம்தான், அலுமினியத்துக்கு 2.7. அதனால் கார் ஸ்டீயரிங், கேமரா உடல் எல்லாம் இதில் வார்க்கிறார்கள். ஆனால் எங்கள் பட்டறையில் மெக்னீசியக் கலவையை லேத்தில் கடையும்போது உலோகச் சீவலைக் குவிய விடமாட்டோம். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் கொழுந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது. அதிலிருக்கும் ஆக்சிஜனையே பிடுங்கி எரிந்து, கரியை மிச்சம் வைக்கும். காய்ந்த மணல் வாளி லேத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். மழைக்காலத்தில் அதற்கு மூடியும் போட்டுவிடுவோம், மணலில் ஈரமிருந்தால் அதுவும் ஆபத்து.