பட்டா மாறினாலும் நிலம் அங்கேதான்: யூசர் அக்கவுண்ட் கேள்வி பதில்

காட்பாடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி பழுது பார்க்கிறேன். சித்திரை வெயிலில் விசிறி அடைத்துக்கொண்ட கணினிகள் வரும். பள்ளி திறக்கிற வாரத்தில், விடுமுறையில் பிள்ளைகள் கைவைத்த கணினிகள் வரும். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

கேள்வி (குடியாத்தம், லுங்கிக் கடை): ஐயா, கணினி மெதுவாக இருக்கிறது என்று என் மகன் புதிய யூசர் அக்கவுண்ட் தொடங்கி, பழையதை நீக்கிவிட்டான். டெஸ்க்டாப்பில் இருந்த மூன்று வருடத்து பில் படங்கள் எதுவும் இல்லை. திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் கணினியை அணைத்துவிடுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

மகன் எந்த வழியாக நீக்கினார் என்பதைப் பொறுத்திருக்கிறது. பழைய கண்ட்ரோல் பேனல் வழியாக நீக்கினால் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: கோப்புகளை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா? 'கீப் ஃபைல்ஸ்' அழுத்தியிருந்தால் நல்ல காலம். நீக்கியவருடைய டெஸ்க்டாப்பில் பழைய பெயரிலேயே ஒரு கோப்புறை உட்கார்ந்திருக்கும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள், வீடியோ எல்லாம் அதில் இருக்கும். டவுன்லோட்ஸ் மட்டும் அதில் சேராது. வாட்ஸ்அப்பில் வந்த பில்களைக் கணினியில் இறக்கி அங்கேயே விட்டுவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செட்டிங்ஸ் வழியாக நீக்கியிருந்தால் இந்தக் கேள்வியே வராது. 'டிலீட் அக்கவுண்ட் அண்ட் டேட்டா' என்று ஒரே பொத்தான்தான். அதிலும் கோப்புகள் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரடியாக அழியும்.

அதற்குப் பிறகும் வழி உண்டா என்பது உள்ளே இருக்கும் டிஸ்கைப் பொறுத்தது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், அழித்த கோப்பின் மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை அது அங்கேயே கிடக்கும். அணைக்கச் சொன்னது அதனால்தான். நீங்கள் பாட்டுக்கு இணையத்தில் மீட்பு மென்பொருள் தேடும்போதே பிரவுசர் டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும். சுழலும் பாகம் இல்லாத புதிய ரக டிஸ்கான எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. 'டிரிம்' என்ற ஏற்பாடு, அழித்த இடத்தைத் தானாகவே துடைத்துவிடும்.

ஹார்டு டிஸ்க் என்றால் கழற்றி வேறொரு கணினியில் இரண்டாவது டிஸ்காக மாட்டுங்கள். ஃபோட்டோரெக், ரெகுவா, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபைல் ரெகவரி மூன்றுக்கும் காசு கேட்க மாட்டார்கள். மூன்றாவது, 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலும் அதற்குப் பிந்தையவற்றிலும்தான் ஓடும், அதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். மீட்டதை அதே டிஸ்கில் சேமிக்கவே சேமிக்காதீர்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் போய், கிணற்றிலேயே மண்ணைக் கொட்டுகிற வேலை அது.

கேள்வி (சத்துவாச்சாரி, பள்ளி ஆசிரியை): இன்று காலை என் பெயரிலேயே உள்ளே நுழைந்தேன். டெஸ்க்டாப் புதுக் கணினி போல வெறுமையாக இருந்தது. மூலையில் ஏதோ ஒரு செய்தி வந்து போனது. அவசரத்தில் இரண்டு மணி நேரம் வினாத்தாள் தட்டச்சு செய்துவிட்டேன்.

பதில்: அம்மா, 'சைன் அவுட்' செய்வதற்கு முன் அந்த வினாத்தாளை பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது தற்காலிக புரொஃபைல். உங்கள் வீட்டுப் பூட்டு திறக்கவில்லை என்று விண்டோஸ் உங்களைச் சத்திரத்தில் தங்கவைத்திருக்கிறது. வெளியேறியதும் சத்திரத்தை இடித்துவிடும், உள்ளே வைத்த சாமானோடு.

பழைய கோப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம். சி டிரைவில் 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் உங்கள் பெயரில் இருக்கும். கணினியை ஒரு முறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகும். ஆகாவிட்டால், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'புரொஃபைல்லிஸ்ட்' என்ற இடத்தில் உங்கள் கணக்கின் நீண்ட எண் இரண்டு முறை இருக்கும், ஒன்றின் வாலில் 'பேக்' என்ற ஒட்டு இருக்கும். ஒட்டு உள்ளதுதான் உங்களுடைய அசல் பதிவு. மற்றதற்கு வேறு பெயர் வைத்துவிட்டு, இதன் வாலை நறுக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் கைவைத்துப் பழக்கம் இல்லையென்றால் இதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ள உங்களாலேயே முடியும்.

கேள்வி (ராணிப்பேட்டை, தோல் நிறுவனக் கணக்காளர்): பழைய அக்கவுண்டை நீக்கிவிட்டு அதே பெயர், அதே பாஸ்வேர்டில் மறுபடி உருவாக்கினேன். பழைய கோப்புறை கண்ணுக்குத் தெரிகிறது, திறந்தால் 'அனுமதி இல்லை' என்கிறது. என் கோப்புக்கு எனக்கே அனுமதி இல்லையா?

பதில்: விண்டோஸ் உங்களைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் 'எஸ்ஐடி' என்று ஒரு நீண்ட எண் தருகிறது. நீக்கியதோடு அந்த எண் போய்விட்டது. புதிய அக்கவுண்டுக்குப் புதிய எண். ஒரே தெருவில் இரண்டு முருகேசன் இருந்து, பட்டா முதலாமவர் பெயரில் இருந்தால், இரண்டாமவர் 'நானும் முருகேசன்தான்' என்று தாலுகா அலுவலகத்தில் நின்றால் நடக்குமா?

நீங்கள் செய்ய வேண்டியது பட்டா மாற்றம். நிர்வாகி அக்கவுண்டில் நுழைந்து, கோப்புறை மேல் வலது கிளிக் செய்து, புராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போங்கள். மேலே 'ஓனர்' என்ற இடத்தில் 'சேஞ்ச்' அழுத்தி உங்கள் புதிய பெயரைக் கொடுங்கள். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாற்று என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். பிறகு அதே இடத்தில் உங்களுக்கு முழு அனுமதி கொடுங்கள். இதை அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் செய்யுங்கள். சி டிரைவ் முழுவதற்கும் செய்து விண்டோஸையே முடக்கிய ஒருவர் போன மாதம்தான் என்னிடம் வந்தார்.

'யூசர்ஸ்' உள்ளே உங்கள் பெயரோடு கணினிப் பெயரும் ஒட்டிய இன்னொரு கோப்புறை தெரிந்தால் குழம்ப வேண்டாம். பழையது இடத்தைப் பிடித்திருப்பதால் புதிய அக்கவுண்டுக்கு விண்டோஸ் கட்டிக்கொடுத்த வீடு அது. டேலிபிரைம் வழக்கமாகத் தன் தரவை 'பப்ளிக்' கோப்புறையில் வைக்கும், யாரும் மாற்றாமல் இருந்தால் கணக்குகள் பத்திரம்.

பெயரை மட்டும் மாற்றியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1989-இல் வட ஆற்காடு பிரிந்தது, 2019-இல் வேலூரும் மூன்றாகி உங்கள் ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. மாவட்டப் பெயர் மாறியதால் வாலாஜாவில் எந்த வீடாவது நகர்ந்ததா? அக்கவுண்ட் பெயரை மாற்றினாலும் கோப்புறை பழைய பெயரிலேயே இருக்கும். அதைக் கையால் மாற்றப் போகாதீர்கள்.

கேள்வி (வேலூர், டிடிபி மையம்): கோப்புகளை மீட்டுவிட்டேன். ஆனால் திருமண அழைப்பிதழ் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை அவை. அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலம் பல்லிளிக்கும். இப்போதைய விண்டோஸில் 'இன்ஸ்டால்' என்று சாதாரணமாக அழுத்தினால் எழுத்துரு அந்த ஒரு யூசருக்கு மட்டும்தான் சேரும். அக்கவுண்டோடு அதுவும் போயிருக்கிறது. மறுபடி நிறுவுங்கள், இந்த முறை வலது கிளிக் செய்து 'எல்லா யூசர்களுக்கும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்துகளுக்கே தனி இடம் தரும் யூனிகோடுக்கு மாறும்படி உங்களைப் போன்றவர்களிடம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

கேள்வி (ஆரணி, பட்டு வியாபாரம்): பாஸ்வேர்டு மறந்துவிட்டது. நிர்வாகி அக்கவுண்டிலிருந்து மாற்றினோம். உள்ளே போக முடிகிறது, ஆனால் பூட்டுக் குறி போட்ட கோப்புகள் மட்டும் திறக்கவில்லை.

பதில்: இது கொஞ்சம் கசப்பானது. அவை 'இஎஃப்எஸ்' முறையில் மறையாக்கம் செய்யப்பட்டவை. அவற்றின் சாவி உங்கள் பழைய பாஸ்வேர்டால் பூட்டப்பட்டிருக்கிறது. உரிமை மாற்றும் வேலை இங்கே செல்லாது. சாவியின் பிரதியை எப்போதாவது எடுத்து வைத்திருந்தால் அதை ஏற்றுங்கள். இல்லையென்றால் பழைய பாஸ்வேர்டை நினைவுக்குக் கொண்டுவரப் பாருங்கள். அதையே திரும்ப வைத்து உள்ளே நுழைந்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். அதுவரை அந்த அக்கவுண்டை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் சாவியும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி (பொறியியல் மாணவர்): உபுண்டு லினக்ஸில் என்னை ஒரு குழுவில் சேர்த்தேன். அதிலிருந்து, நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் 'சூடோ' வேலை செய்யவில்லை.

பதில்: 'யூசர்மாட்' கட்டளையில் பெரிய ஜி-க்கு முன் சின்ன ஏ போட மறந்திருப்பாய் தம்பி. ஏ இல்லாவிட்டால் பழைய துணைக் குழுக்களிலிருந்து உன்னை வெளியேற்றிவிட்டுப் புதியதில் மட்டும் சேர்க்கும். ரெகவரி மோடில் தொடங்கி, ரூட்டாக நுழைந்து, 'சூடோ' குழுவில் மறுபடி சேர்த்துக்கொள். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேள்வி (கஸ்பா, இல்லத்தரசி): மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலிருந்து சாதாரண அக்கவுண்டுக்கு மாறினேன். டாக்குமெண்ட்ஸ் காலி.

பதில்: அவை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருக்கும், இணையத்தில் ஒன்டிரைவ் பக்கத்திலும் இருக்கும். அங்கே அழிந்திருந்தாலும் தனிநபர் கணக்கில் 30 நாள் வரை அதன் ரீசைக்கிள் பின்னில் கிடைக்கும். நாளை எண்ணிப் பாருங்கள். டிஸ்க் முழுவதையும் மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்டாலும் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்க்கலாம்.

கேள்வி (குடியாத்தம், மறுபடியும்): ஐயா, அணைத்துவிட்டேன். ஹார்டு டிஸ்க்தான் என்று மகன் சொல்கிறான். கொண்டுவரலாமா?

பதில்: கொண்டு வாருங்கள், நீங்களும் உடன் வாருங்கள். ஃபோட்டோரெக் படங்களை மீட்கும், பெயர்களை மீட்காது. ஒவ்வொன்றும் 'எஃப்' என்ற எழுத்தோடு ஏழெட்டு எண்கள் ஒட்டிக்கொண்டு வரும். எந்த பில் யாருடையது என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.